படிவது எங்கே போகிறது?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)





போன கூட்டத்தில் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய கூட்டத்தில் சர்க்கரை நோய். இந்த முறை தண்ணீர் என்று கமிட்டியில் சொன்னபோது, "தண்ணீரைப் பற்றி என்ன பேசுவது? வந்தால் பிடிக்கிறோம், வராவிட்டால் கவுன்சிலரைத் திட்டுகிறோம்" என்று ஒரு சகோதரர் கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் இன்று பேசப்போவது தண்ணீர் வருவதைப் பற்றி அல்ல, தண்ணீரிலிருந்து வெளியே வந்து விழுவதைப் பற்றி.

பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் இடத்தில் சென்ற வாரம் பிளம்பர் நான்கு குழாய்களைக் கழற்றினார். அதில் ஒன்றை முன் வரிசையில் கொடுத்திருக்கிறோம். பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். வாயில் வெள்ளையாகக் கல் மாதிரி ஒட்டியிருக்கிறது பாருங்கள். பொருத்தி மூன்று வருடம் ஆகவில்லை. சுண்டுவிரல் நுழைந்த துவாரத்தில் இப்போது ஊசிதான் நுழையும்.

சகோதரிகளுக்கு இது புதிதல்ல. வெந்நீர் அண்டாவின் அடியில், கீஸர் சுருளில், குளியலறை வாளியில் தினமும் பார்ப்பதுதான். துவரம்பருப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் குழையாது. அதனால்தான் சமையலுக்கு "நல்ல தண்ணி", துணி துவைக்க "உப்புத் தண்ணி" என்று வீட்டுக்கு வீடு இரண்டு குடம் வைத்திருக்கிறோம். நல்ல தண்ணி என்றால் காவேரி. உப்புத் தண்ணி என்றால் போர்.

போர் தண்ணீரில் இந்தக் கல் எங்கிருந்து வந்தது? நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. பிறகு பாறை வெடிப்புகளில் வருடக்கணக்கில் தங்கி, பாறையிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. சேலம் ஜங்ஷனைத் தாண்டி கருப்பூர், ஓமலூர் பக்கம் போகும்போது வெள்ளை வெளேரென்று கரடுகள் தெரியுமே, அது மெக்னீசைட். மெக்னீசியம் தரையின் மேலேயே கிடக்கும் ஊர் நம்முடையது.

கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கரியமில வாயு பறந்துவிடும். அது போனதும் கால்சியம் கரைந்த நிலையில் இருக்க முடியாமல் கல்லாக வெளியே வந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகளின் வேதியியல் புத்தகத்தில் இதற்கு வீழ்படிவு என்று பெயர். இதுவே அவசரமில்லாமல், ஒழுங்கான அடுக்காக வளர்ந்தால் படிகம் என்கிறார்கள். பனங்கற்கண்டு அப்படித்தான் உண்டாகிறது. பதநீரைக் காய்ச்சிய பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு வளர்கிறது.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகத்தில் கல் வருவதும் இதே சங்கதிதான், உடம்புக்குள் நடக்கிறது, அவ்வளவுதான். பலர் உப்புத் தண்ணீரைக் குற்றம் சொல்கிறார்கள். தண்ணீரே குடிக்காமல் நானூறு கிலோமீட்டர் ஓட்டினால் சிறுநீர் சுண்டிப்போகிறது, சுண்டினால் கல் படிகிறது. குறைவாகக் குடிப்பதுதான் பெரிய காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அண்டாவில் படியும் கல் தொந்தரவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது, தட்டினால் விழுகிறது. எங்களைப் பேச வைத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

நமது மாலை நேர வகுப்புக்கு ஓத வரும் ஒரு பெண் பிள்ளை. வயது பதினொன்று. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பல்லில் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லோர் முன்னாலும் "பல்லே தேய்க்க மாட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்க்கிறது, ஈறில் ரத்தம் வருகிறது. அவளுடைய அம்மா எங்களிடம் வந்து, "இது அழுக்குன்னா போயிருக்கணுமே, ஏன் போகல?" என்று கேட்டார். பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பார்த்த உடனே கேட்ட கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

அது ஃபுளோரைடு. நம் பக்கத்துப் பாறைகளில் இயற்கையாக இருப்பது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல கிராமங்களின் நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5வரை என்பது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால், நிலைத்த பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், பல்லின் மேற்பூச்சு கெடுகிறது. முளைத்த பிறகு தேய்த்து என்ன பயன்? இன்னும் அதிகமான அளவில் பல வருடம் குடித்தால் எலும்பு, மூட்டு, முதுகு இறுகிப்போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி 2013-இல் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பிரச்சினை.

இதில் இரண்டு விஷயங்களை எல்லாத் தாய்மார்களும் மனதில் வைக்கவேண்டும். ஒன்று, ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. "எங்க போர் தண்ணி தேங்காய்த் தண்ணி மாதிரி இருக்கும்" என்று சொல்வது எந்த உத்தரவாதமும் இல்லை. சொல்லப்போனால் தலைகீழாகவும் நடக்கும். கால்சியமும் ஃபுளோரைடும் தண்ணீருக்குள் அதிக அளவில் சேர்ந்து இருக்க முடியாது, இரண்டும் கூடிப் படிந்துவிடும். அதனால் கால்சியம் குறைந்த, நாக்குக்கு மெதுவாக இருக்கிற தண்ணீரில்தான் பல இடங்களில் ஃபுளோரைடு தூக்கலாக இருக்கிறது.

இரண்டாவது, காய்ச்சினால் போகாது. "நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று அந்த அம்மாவும் சொன்னார். காய்ச்சினால் கிருமி சாகும், நல்லதுதான். ஆனால் ஃபுளோரைடு ஆவியாவதில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடுகிறது. பிள்ளையின் நன்மைக்கென்று அக்கறையாகச் செய்ததே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

அப்படியானால் எப்படி எடுப்பது? அதற்கும் படிய வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. நம் பாட்டிமார்கள் கலங்கல் தண்ணீர் வந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசுவார்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் இறங்கும். படிகாரத்தைச் சுற்றிவிட்டாலும் அப்படியே. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் இந்த முறையையே ஃபுளோரைடுக்காகச் செப்பம் செய்தார்கள். தண்ணீரில் ஆலமும் சிறிது சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்த்துக் கலக்கினால் பஞ்சு பஞ்சாக அலுமினியக் கசடு திரளும். அது ஃபுளோரைடையும் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துக்கொள்ளலாம். தெலங்கானாவிலுள்ள நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் இது நல்கொண்டா முறை எனப்படுகிறது. வீட்டுக்கு என்றால் நாற்பது லிட்டர் வாளி ஒன்று போதும், குழாயை மட்டும் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பொருத்தவேண்டும்.

தயவுசெய்து இன்றே வீட்டில் போய்க் கைக்கணக்கில் ஆலம் போட ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு போடவேண்டும் என்பது உங்கள் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையைப் பொறுத்தது. கூடினால் அலுமினியம் குடிதண்ணீரில் தங்கிவிடும்.

அந்த அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "சரிங்க, வாளி அடியில நிக்குதே அந்தச் சேறு, அதை எங்க கொட்றது?"

இதைக் கேட்டதும் எங்களுக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் ஃபுளோரைடு அழிந்துபோகவில்லை. தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தச் சேற்றைக் கிணற்றடியில் கொட்டினால் மழையில் ஊறி மறுபடி எங்கே போகும்? நல்கொண்டா முறை பல ஊர்களில் நிலைக்காமல் போனதற்கு இந்தச் சேறும் ஒரு காரணம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நம் வட்டாரத் தொழில்களைப் பார்க்க ஆரம்பித்தோம். பார்க்கப் பார்க்க, எல்லாத் தொழிலும் அந்த ஒரு வாளியில்தான் வந்து நின்றது.

முதலில் வெள்ளி. சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டறை. நம்மவர்களிலும் அந்த வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பழைய வெள்ளியையும் பட்டறைத் தூசியையும் சுத்தம் செய்ய நைட்ரிக் ஆசிட்டில் போடுவார்கள். வெள்ளி, செம்பு எல்லாம் கரைந்து தண்ணீராகிவிடும். அதில் சாதாரணச் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் போதும், வெள்ளி மட்டும் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு அடியில் விழும். அல்லது செம்புத் தகட்டைப் போட்டால் சாம்பல் நிறப் பஞ்சாக வெள்ளி வெளியே வரும். அந்தப் படிவில் ஒரு குன்றிமணி அளவைக்கூட யாரும் வீணாக்குவதில்லை. வடிகட்டிய துணியை எரித்துச் சாம்பலையும் உருக்குகிறார்கள். கை கழுவிய தண்ணீரைக்கூடச் சேர்த்து வைக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறோம்.

மேலே நிற்கிற நீலத் தண்ணீர்? அதில் செம்பும் ஆசிட்டும் இருக்கிறது. பழைய இரும்பைப் போட்டால் அந்தச் செம்பும் படியும், பிறகு சுண்ணாம்பு போட்டால் ஆசிட்டும் அடங்கும், மிச்சமிருக்கும் உலோகமும் சேறாக இறங்கும். செலவு பெரிதில்லை. ஆனால் வெள்ளியின் விலை அதற்கு இல்லையே. பல இடங்களில் நேராகச் சாக்கடைக்குப் போகிறது.

பட்டறை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆசிட்டில் போடும்போது பழுப்பு நிறப் புகை வருகிறதே, அது நுரையீரலைத் தாக்குவது. முகர்ந்த உடனே இருமல் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். சில மணி நேரம் கழித்து, இரவில் படுத்த பிறகு மூச்சுத் திணறல் வரக்கூடும். அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரி, "ஆசிட் புகை முகர்ந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையில் இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது மேட்டூர். ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு லாரியில் போனது நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960-களில் அங்கே ஆலை கட்டியது. நம் வாளியில் நடப்பதுதான் அங்கே மலை அளவில் நடந்தது. பாக்சைட்டை அரைத்துக் காஸ்டிக் சோடாவில் போட்டு, அழுத்தம் கொடுத்துக் கொதிக்க வைப்பார்கள். அலுமினியம் கரையும், இரும்பும் மற்றவையும் கரையாது. தெளிந்ததை இறுத்து ஆறவைத்து, ஏற்கெனவே எடுத்த அலுமினியப் படிகத்தூள் கொஞ்சத்தை விதையாகப் போடுவார்கள், நாம் பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரி. அந்த விதையைப் பிடித்துக்கொண்டு மீதி அலுமினியம் வெள்ளைப் படிகமாகப் படியும். அதைச் சுட்டு, மின்சாரம் பாய்ச்சினால் உலோகம்.

1880-களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் பேயர், உலோகத்துக்காகத் தேடவில்லை என்பது வேடிக்கை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வைக்கும் காரத்துக்காகத் தேடினார். நாமக்கல் மாவட்டத்தின் பாக்சைட்டுக்கும் அதே மாவட்டத்தின் சாயப்பட்டறைக்கும் அப்படி ஒரு பழைய உறவு.

வெள்ளைப் படிகம் காசு. கரையாமல் நின்ற சிவப்புச் சேறு? ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒரு டன், சில சமயம் அதற்கு மேலும் சேறு. காரம் கலந்தது. உலகம் முழுவதும் இதைக் குளம் கட்டித்தான் தேக்கி வைத்திருக்கிறார்கள். ஹங்கேரி நாட்டில் அஜ்கா என்ற ஊரில் 2010 அக்டோபர் 4 அன்று அப்படி ஒரு தேக்கத்தின் கரை உடைந்தது. சேறு ஊருக்குள் புகுந்து பத்துப் பேர் இறந்தார்கள், உயிர் பிழைத்தவர்கள் பலருக்கு உடல் வெந்தது. மேட்டூரில் இப்போது அலுமினியம் உருக்குவதில்லை. லாரி நின்றுவிட்டது, சம்பளம் நின்றுவிட்டது. ஒரு தொழிலில் கடைசியாக ஊரில் தங்குவது அதன் சேறுதான்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். எங்களுக்கும் கசக்கிறது. நமது சொந்தபந்தங்களில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் கூலிக்குப் போகிறவர்கள் அதைவிட அதிகம். பள்ளிபாளையம், குமாரபாளையம் துண்டும் லுங்கியும் அந்தச் சாயத்தில்தான் வாழ்கின்றன. பருத்தியில் சாயம் ஏற நிறைய உப்புப் போடவேண்டும். உப்பின் வேலை சாயத்தை நூலுக்குள் தள்ளுவது. அது நூலில் தங்குவதில்லை. போட்ட உப்பு அத்தனையும் அலசிய தண்ணீரில் வெளியே வருகிறது. சாயத்தின் நிறத்தைச் சுண்ணாம்பும் ஆலமும் போட்டுப் படிய வைத்துவிடலாம். நிறம் போனதும் தண்ணீர் சுத்தமாகிவிட்ட மாதிரி தெரியும். உப்பு அப்படியே இருக்கும். கண்ணை ஏமாற்றுகிற இடம் இது.

திருப்பூரில் அந்த உப்பு நொய்யல் வழியே ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக் கழிவின் தேக்கமாகி, விவசாயிகளே தண்ணீர் திறக்காதீர்கள் என்று வழக்குப் போடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதில் வேலை போனவர்களின் குடும்பங்களில் சில நம் ஊருக்கே திரும்பி வந்தன, நமது ரேஷன் உதவிப் பட்டியலில் இருந்தன. அதனால் "மூடுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கனமான வார்த்தை என்று நமக்குத் தெரியும்.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? தண்ணீரை ஆர்.ஓ. சவ்வில் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சும் கெட்டி உப்பு நீரை வெற்றிடத்தில் கொதிக்க வைத்துச் சுண்டினார்கள். பிறகு குளிர வைத்தார்கள். சோடியம் சல்பேட் உப்பு சூட்டில் நன்றாகக் கரையும், 32 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்கக் கரைதிறன் வேகமாகக் குறையும். குளிர்ந்தால் பளிங்கு மாதிரிப் படிகமாகப் பிரிந்துவிடும். அதை அள்ளி மறுபடி சாயத் தொட்டிக்கே போடலாம், உப்புக் காசு மிச்சம். ஆனால் கடைசியில் எல்லா உப்பும் சாயமும் கலந்த ஒரு கூழ் மிஞ்சும். கலப்பு உப்பு என்பார்கள். அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைக்கவேண்டியிருக்கிறது. இத்தனை கோடி செலவழித்த பிறகும் அந்த அம்மாவின் கேள்வி அங்கேயும் நிற்கிறது.

நம் காவிரிக் கரையில் பெரிய ஆலைகள் ஒரு பக்கம், அனுமதியே இல்லாமல் இரவில் ஓடும் சின்னப் பட்டறைகள் ஒரு பக்கம். அதிகாரிகள் வந்து இடித்த செய்தி நாளிதழில் வருகிறது, ஆறு மாதத்தில் வேறு பெயரில் வேறு கொட்டகையில் ஆரம்பமாகிறது. கேட்டால், "சுத்திகரிக்கச் செலவு பண்ணினா பீஸுக்கு என்ன மிஞ்சும் பாய்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. கீழே ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவன் ஆஸ்பத்திரியில் அதைக் கட்டுகிறான். "நல்ல தண்ணி" என்று நாம் பெயர் வைத்திருப்பதும் இந்த ஆற்றுக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம்மவர்கள் ஊரிலேயே உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் சம்பந்தம் செய்யாத குடும்பம் நம்மில் குறைவு. அங்கே தோல் பதனிடக் குரோமியம் போடுகிறார்கள். பல வருடம் அது பாலாற்றுப் படுகைக்குத்தான் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி காட்டியது. குரோமியம் கலந்த தண்ணீரை மட்டும் தனித் தொட்டியில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் பச்சைச் சேறாகக் குரோமியம் படியும். சுண்ணாம்பு போட்டாலும் படியும்தான், ஆனால் பொதபொதவென்று தொட்டி நிறைய நிற்கும். மெக்னீசியம் ஆக்சைடில் இறுகி அடியில் உட்காரும். தெளிந்ததை இறுத்துவிட்டு, சேற்றைக் கந்தக ஆசிட்டில் கரைத்தால் மறுபடி தோலுக்கே போடலாம். வாங்கும் குரோமியம் குறைகிறது.

அந்த மெக்னீசியம் ஆக்சைடு என்பது மெக்னீசைட்டைச் சூளையில் சுட்டால் கிடைப்பது. முதலில் பார்த்த அதே கருப்பூர்க் கரட்டுக் கல். படிந்ததற்கு ஒரு விலை ஏற்பட்டதும் அதை ஆற்றில் விட யாருக்கும் மனம் வரவில்லை, வெள்ளிப் பட்டறையில் பார்த்த மாதிரியே. எல்லாக் கழிவுக்கும் இப்படி விலை கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை. பாலாறு இன்னும் தேறவில்லை என்பதும் உண்மை.

இவ்வளவும் பேசிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது.

நமது அறக்கட்டளை மஹல்லா மக்களுக்காக ஆர்.ஓ. இயந்திரம் வைத்தது உங்களுக்குத் தெரியும். கேன் தண்ணீர் வாங்க முடியாத வீடுகளுக்கு இலவசம். சந்தா கொடுத்தவர்கள் எல்லோரும் நீங்கள்தான். அந்த இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும்போது இரண்டு குடம் கழிவுத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. போர் தண்ணீரில் இருந்த உப்பும் ஃபுளோரைடும் அந்த இரண்டு குடத்தில் கெட்டியாக இருக்கும். முதலில் தெருவில் விட்டோம், வழுக்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பிறகு நாங்களே புத்திசாலித்தனமாக ஒரு முடிவு எடுத்தோம். பின்னால் பாழடைந்து கிடந்த பழைய கிணற்றில் குழாயை விட்டோம். நிலத்தடி நீர் ஊறும், நன்மை என்று நினைத்தோம். அதற்கு ஒரு படம்கூட எடுத்து இதே மடலில் போட்டோம்.

ஒன்றரை வருடம் கழித்து மோதினார்தான் முதலில் சொன்னார், "ஒளூத் தண்ணி வாய் கொப்புளிச்சா கரிக்குது" என்று. நம்பவில்லை. இயந்திரத்துக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது போர் தண்ணீரின் உப்பு, வைத்த நாளில் எழுதிய கணக்கைவிட நன்றாக ஏறியிருந்தது. கிணற்றுக்கும் போருக்கும் நாற்பது அடிதான் இடைவெளி. பாறை வெடிப்பு வழியே சுற்றிச் சுற்றி அதே உப்பை நாமே கீழே விட்டு நாமே மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மூன்று வீட்டுப் போரும் கெட்டது. அந்த மூன்று வீட்டாரிடமும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஒருவர், "படிச்சவங்கதானே நீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது அந்தக் குழாயை மூடிவிட்டோம். கழிவு நீருக்கு சிமெண்ட் தொட்டி கட்டி, கழிப்பறைக்கும் தரை கழுவவும் எடுக்கிறோம். அது பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. முழுத் தீர்வு இல்லை, கிணற்றில் விடுவதைவிட மேல். வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் யாரும் அந்தத் தண்ணீரைக் கிணற்றிலோ, போர் ஓரம் மழைநீர்க் குழியிலோ விடாதீர்கள். மழைநீர்க் குழிக்குள் மழை மட்டும் போகட்டும்.

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். வந்த கோடு தானாகப் போகாது. பல் மருத்துவர் மேல்பூச்சு வைத்துச் சரிசெய்யலாம் என்றிருக்கிறார், கொஞ்சம் வளரட்டும் என்கிறார். செலவை அறக்கட்டளை ஏற்கும். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு இப்போது காவேரித் தண்ணீரும் நம் ஆர்.ஓ. தண்ணீரும்தான். அவன் பல்லுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாகச் செய்யவேண்டியது. போர் தண்ணீர் குடிக்கும், சமைக்கும் எல்லா வீட்டிலிருந்தும் மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கொண்டுபோகிறோம். கட்டணம் நம் பொறுப்பு. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் கொண்டுவாருங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், எண்ணெய், சோப்பு இருந்த கேன் வேண்டாம். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மேல்தொட்டியிலிருந்து அல்லாமல் போர் குழாயிலேயே பிடியுங்கள். அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசிவிட்டு வாய் வரைக்கும் நிரப்புங்கள். கேன் மேல் வீட்டுக்காரர் பெயர், தெரு, போரின் ஆழம், பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அதையும் எழுதுங்கள், அந்த வீட்டு அறிக்கையை முதலில் பார்க்கிறோம்.

ஜும்ஆ முடிந்ததும் நூலக அறையில் கேன்களை வாங்கிக்கொள்கிறோம். வயதானவர்கள் தூக்கிவர வேண்டாம், சொல்லி அனுப்பினால் நம் இளைஞர்கள் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ். அந்தக் குழாய் பின் வரிசை வரைக்கும் போய்விட்டதா? பார்த்து முடித்தவர்கள் மோதினாரிடம் கொடுத்துவிடுங்கள்.